கரையோர அலை, காற்றுத் தரவு: ஆயத்தமாக இருப்பதை எடுப்பதா, நாமே மாடல் ஓட்டுவதா?

தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கும் கல்தடுப்பு) அமைக்க, மீன் இறங்குதளம் கட்ட, முகத்துவாரம் தூர்ந்துபோவதை ஆராய, ஆய்வேட்டுக்கு ஒரு கரையை எடுத்துக்கொள்ள என எந்த வேலையாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே இரண்டு கேள்விகள் வந்துவிடும். கடந்த நாற்பது ஆண்டுகளாக இந்த இடத்தில் காற்றும் அலையும் எப்படி இருந்தன? அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எப்படி மாறும்? இரண்டுக்கும் இன்று இலவசத் தரவு நிறையவே கிடைக்கிறது. எதை எடுப்பது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலானோர் கட்ட இடைவெளி (தரவுப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) எவ்வளவு சிறியது என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அது தவறான அளவுகோல். தமிழகக் கரையை எடுத்துக்காட்டாக வைத்து, ஒவ்வொரு வழியும் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று பார்ப்போம்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த எண் முடிவைத் தீர்மானிக்கிறது? அலைத்தடுப்புச் சுவரின் கல் எடைக்கு உச்ச அலை உயரம் வேண்டும். மணல் நகர்வுக்கு அலை வரும் திசைதான் முக்கியம். படகு எத்தனை நாள் கடலுக்குள் போக முடியும் என்பதற்குச் சராசரி நிலைகளும் அவை எத்தனை மணி நேரம் நீடிக்கின்றன என்பதும் தேவை. ஒன்றுக்குச் சரியான தரவு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

கரை எப்படிப்பட்டது? கோடியக்கரைக்கு வடக்கே சென்னை வரை திறந்த வங்கக்கடல். மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கிலிருந்து நீள் அலைகள் (தொலைவில் பிறந்து பயணித்து வரும் அலைகள்) நேராக வரும். ஆனால் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 பவளத் தீவுகள் அவற்றை உடைக்கும். பாக் நீரிணை முற்றிலும் வேறு உலகம். சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு, தெற்கே ராமர் பாலத் திட்டுகள், கிழக்கே இலங்கை. அங்கே எழும் அலை பெரும்பாலும் உள்ளூர்க் காற்றில் பிறப்பது.

ஒப்பிட அளவீடு உண்டா? இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் நிறுவனத்தின் அலைமிதவைகள், சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் மிதவைகள், துறைமுகங்களின் ஓதமானிகள் ஆகியவற்றில் ஒன்றாவது கையில் இல்லாமல் எந்த மாடலையும் (காற்றையும் அலையையும் கணக்கிடும் கணினி நிரலையும்) நம்ப வேண்டாம்.

எத்தனை ஆண்டு நீளம்? 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலையைக் கணிக்க 10 ஆண்டுத் தரவு போதாது. குறைந்தது 30 ஆண்டு வேண்டும்.

கணினி, ஆள், காலம். கட்ட இடைவெளியை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் கட்டங்கள் 9 மடங்காகும். காலப்படியும் மூன்றில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பதால் வேலை 27 மடங்காகும். இதைக் கணக்குப் போடாமல் தொடங்கி, பாதியில் நின்ற திட்டங்கள் ஏராளம்.

## கடந்த காலத்துக்கு நான்கு வழிகள்

கீழே வரும் ஈரா5, வேவ்ரிஸ் இரண்டும் மறுபகுப்பாய்வுகள்: பழைய அளவீடுகளை மாடலோடு சேர்த்துக் கடந்த காலத்தை மீண்டும் கட்டிய தரவு. ஸ்வான் அலையைக் கணக்கிடும் மாடல், டபிள்யூஆர்எஃப் வானிலையைக் கணக்கிடும் மாடல்.

| | கட்ட இடைவெளி | காலம் | கணினிச் சுமை | எங்கே தவறும் |
|---|---|---|---|---|
| ஈரா5 நேரடியாக | காற்று 0.25°, அலை 0.5° | 1940 முதல், மணிக்கு ஒன்று | மடிக்கணினி போதும் | கரையோரம், புயல், பாக் நீரிணை |
| உலக அலை மறுபகுப்பாய்வு (வேவ்ரிஸ்) | 0.2° | 1980 முதல், 3 மணி நேரத்துக்கு ஒன்று | மடிக்கணினி போதும் | ஆழம் குறைந்த கரை, புயல் |
| ஈரா5 காற்றில் உள்ளூர் அலை மாடல் (ஸ்வான்) | 50–500 மீ வரை | உள்ளீடு இருக்கும் வரை | நல்ல மேசைக்கணினி | கடலடி ஆழத் தரவு சரியில்லாத இடம் |
| காற்றையும் நாமே (டபிள்யூஆர்எஃப்) + அலை மாடல் | காற்று 3 கி.மீ. | சில நிகழ்வுகள் அல்லது சில ஆண்டுகள் | கணினிக் கொத்து | தவறான அமைப்பில் நீண்ட ஓட்டம் |

### ஈரா5 நேரடியாக

ஐரோப்பிய வானிலை மையத்தின் மறுபகுப்பாய்வு இது. அசல் கட்டம் சுமார் 31 கி.மீ. கடலுக்கு நடுவே, 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், அன்றாடக் காற்றுக்கும் அலைக்கும் இதைவிட எளிதான நல்ல தொடக்கம் இல்லை.

பலர் செய்யும் முதல் பிழை, கரைக்கு மிக அருகில் உள்ள கட்டப் புள்ளியை எடுப்பது. அந்தக் கட்டத்தில் பாதி நிலமாக இருந்தால், நிலத்தின் உராய்வு சேர்ந்து காற்று வலுக்குறைந்து தெரியும். அலைக் கோப்பிலோ அந்தப் புள்ளி வெற்றாகவே இருக்கலாம். கடல் பக்கம் ஒரு கட்டம் தள்ளி, ஆழமான புள்ளியை எடுங்கள். அங்கிருந்து கரைக்கு அலை எப்படி மாறி வருகிறது என்பதைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது சிக்கல், போக்குகளைக் கணிப்பதில் இருக்கிறது. 1979-க்கு முன் செயற்கைக்கோள் தரவு மிகக் குறைவு. 1991 முதல்தான் செயற்கைக்கோள் உயரமானி அளந்த அலை உயரங்கள் உள்ளே சேர்க்கப்பட்டன. 1980 முதல் 2020 வரை ஒரே கோடாக இழுத்து "அலை உயரம் கூடிவிட்டது" என்று எழுதினால், அந்தக் கோட்டின் ஒரு பகுதி கடலுடையது, இன்னொரு பகுதி அளவீட்டு முறை மாறியதால் வந்தது. போக்கு வேண்டுமென்றால் 1992-க்குப் பிறகு தனியாகவும் போட்டுப் பாருங்கள்.

புயலுக்கு இதை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. 31 கி.மீ. கட்டத்தில் புயலின் கண்சுவர் (கண்ணைச் சுற்றிய கடுங்காற்று வளையம்) அடங்காது. கஜா (2018), வர்தா (2016) போன்றவற்றின் உச்சக் காற்று இதில் தெளிவாகக் குறைந்தே வரும். முழுமையாக வளர்ந்த கடலில் அலை உயரம் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். காற்று 10 விழுக்காடு குறைந்தால் அலை சுமார் 19 விழுக்காடு குறையும்.

நேரத்தையும் கவனியுங்கள். தரவு உலக நேரத்தில் இருக்கும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். கடற்காற்று பிற்பகலில் வலுக்கும் சென்னை போன்ற கரையில் இந்தத் திருத்தத்தை மறந்தால், நாளுக்குள் நடக்கும் சுழற்சி முழுவதும் இடம் மாறிவிடும்.

### உலக அலை மறுபகுப்பாய்வு

கோப்பர்நிக்கஸ் கடல் சேவையின் வேவ்ரிஸ், ஈரா5 காற்றில் ஓடும் அலை மாடல். கட்டம் சிறியது, செயற்கைக்கோள் அலைத் தரவையும் சேர்த்துக்கொள்கிறது. காற்றலை, முதல் நீள் அலை, இரண்டாம் நீள் அலை என்று பிரித்துத் தருவதுதான் இதன் பெரிய பயன். கன்னியாகுமரியையும் ராமநாதபுரத்தின் தென்கரையையும் தொல்லைப்படுத்தும் கள்ளக்கடல், தெற்கு இந்தியப் பெருங்கடலில் பிறந்து நாள்கணக்கில் பயணித்து வரும் நீள் அலை. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் அது வரும். அதை ஆராய மொத்த அலை உயரம் போதாது; பிரித்த தரவு வேண்டும்.

காற்று ஈரா5-இன் காற்றேதான் என்பதால் புயல் பற்றிய குறை இங்கும் தொடர்கிறது. ஆகவே ஈரா5-ஐயும் வேவ்ரிஸையும் ஒப்பிட்டு இரண்டும் ஒத்துப்போவதை "சரிபார்ப்பு" என்று எழுதக் கூடாது. இரண்டும் ஒரே காற்றைக் குடித்தவை.

### ஈரா5 காற்றில் உள்ளூர் அலை மாடல்

தமிழகக் கரையில் பெரும்பாலான வேலைக்கு இதுதான் என் பரிந்துரை. ஆழ்கடல் எல்லையில் ஆயத்தத் தரவு, உள்ளே ஸ்வான். வெளிக்கட்டம் 5 கி.மீ., நடுக்கட்டம் 500 மீ, கட்டுமானம் வரும் இடத்தில் 50 மீ என மூன்று அடுக்கு போதும்.

எல்லையில் என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் வேலை கெடுகிறது. மொத்த அலை உயரம், அலைக்காலம் (அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான நேரம்), சராசரித் திசை என்று மூன்று எண்ணைக் கொடுத்தால், மாடல் ஒற்றை மேடுள்ள நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில், எந்தத் திசையில் எவ்வளவு அலையாற்றல் என்ற பரவலை) தானே கட்டிக்கொள்ளும். வாடைக்காலத்தில் புதுச்சேரிக்கு எதிரே 60 டிகிரியிலிருந்து காற்றலையும் 170 டிகிரியிலிருந்து நீள் அலையும் ஒரே ஆற்றலுடன் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரித் திசை 115 டிகிரி. அந்தத் திசையிலிருந்து ஒரு அலைகூட வரவில்லை. பிரித்த அலைகளைத் தனித்தனியாகக் கொடுங்கள். முடிந்தால் ஈரா5-இன் முழு நிறமாலையை (30 அதிர்வெண், 24 திசை) கேட்டு வாங்குங்கள். அது நாடாக் காப்பகத்திலிருந்து வர வேண்டும் என்பதால் வரிசையில் காத்திருக்க நேரிடும். அந்தக் காத்திருப்புக்குப் பலன் உண்டு.

கீழ் அதிர்வெண் 0.04 ஹெர்ட்ஸ் என்றால் 25 விநாடி வரையிலான அலை அடங்கும். பழைய அமைப்புக் கோப்புகளில் 0.05-க்கு மேல் தொடங்கும் எண்ணைக் கண்டால் மாற்றுங்கள். இல்லையென்றால் 20 விநாடிக்கு மேற்பட்ட நீள் அலை காணாமல் போகும். திசையை 36 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 10 டிகிரி. மணல் நகர்வு ஆய்வுக்கு 72 பங்கு வையுங்கள்.

ஏன் இவ்வளவு திசைக் கவலை? கரைவழி மணல் நகர்வு, உடையும் அலை உயரத்தின் 2.5-ஆம் அடுக்குக்கும், கோணத்தின் இருமடங்கின் சைனுக்கும் விகிதமாகக் கணக்கிடப்படுகிறது. அலை உயரத்தில் 5 விழுக்காடு பிழை, மணலில் சுமார் 13 விழுக்காடு. ஆனால் உடையும் கோணம் 10 டிகிரிக்குப் பதில் 5 டிகிரி என்று வந்தால் மணல் ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் கிழக்குக் கரையில் இது இன்னும் கொடியது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மணல் வடக்கே போகிறது, வாடைக்காலத்தில் தெற்கே. நமக்கு வேண்டிய நிகர அளவு, இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். திசையில் வரும் சின்ன சார்பிழை (எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழை) நிகர அளவின் குறியையே மாற்றக்கூடும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் அரிக்கப்பட்டதும் நிகர நகர்வு வடக்கு நோக்கியது என்பதற்கான கண்கண்ட சான்று. உங்கள் மாடல் சென்னைக்கு எதிர்த்திசை சொன்னால், மாடல்தான் தவறு.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு கடலடி ஆழம். ஜெப்கோ என்ற உலகக் கடலடி ஆழத் தொகுப்பின் இலவசக் கட்டம் சுமார் 450 மீட்டர். 20 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் அதன் எண்கள் பெரும்பாலும் இடைச்செருகல்தான் (அளந்த புள்ளிகளுக்கு இடையே கணக்கிட்டு நிரப்பியவை). அங்கே கடற்படை நீரளவை அலுவலக வரைபடங்களை எண்ணாக்குங்கள். உடையலைப் பகுதிக்கு எதிரொலிமானி வைத்துப் புதிதாக அளக்கச் செலவை ஒதுக்குங்கள். அலை உடைப்புக் குணகம் 0.73, உராய்வு 0.038 என்று மாடலின் இயல்பு எண்களை மாற்றிப் பொருத்துவதற்கு முன், ஆழம் சரியா என்று பாருங்கள். தவறான ஆழத்தைக் குணகத்தால் சரிக்கட்டினால், அடுத்த பருவத்தில் குட்டு வெளிப்படும்.

45 ஆண்டுகள் என்றால் சுமார் 3.9 லட்சம் மணி நேரம். எல்லாவற்றையும் ஓட்டத் தேவையில்லை. உயரம், காலம், திசை மூன்றிலும் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்ட 500 நிலைகளைத் தேர்ந்து, அவற்றை மட்டும் நிலைத்த முறையில் (காலத்தோடு மாறாத நிலையாக) ஓட்டி, மற்றவற்றை இடைச்செருகலால் பெறலாம். ஒரு நிலைக்கு 3 நிமிடம் என்றால் 25 மணி நேரத்தில் முடிந்துவிடும். திறந்த கரைக்கு இது நன்றாகவே வேலை செய்யும். பாக் நீரிணைக்கும் புயலுக்கும் இந்தக் குறுக்குவழி பொருந்தாது. அங்கே காற்று எவ்வளவு நேரம் வீசியது என்பதும் கணக்கில் வர வேண்டும், காலத்தோடு ஓடும் முறையே தேவை.

### காற்றையும் நாமே

டபிள்யூஆர்எஃப் மாடலை 27, 9, 3 கி.மீ. என்று அடுக்கி ஓட்டுவது. எப்போது தேவை? மலையும் கணவாயும் காற்றை முடிவு செய்யும் இடத்தில். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன, 31 கி.மீ. கட்டத்தில் அந்தக் கணவாயே மழுங்கிவிடும். கடற்காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, கனமழை கரையில் எங்கே விழுகிறது என்பவற்றுக்கும் இது வேண்டும். திறந்த வங்கக்கடலின் சாதாரண அலைக்கு வேண்டாம்.

செலவைப் பாருங்கள். 200 × 200 கட்டத்தில் மணிக்கு ஒருமுறை, மேற்பரப்பு மாறிகள் 10 மட்டும் சேமித்தால் ஆண்டுக்கு 14 ஜிபி. ஆறு மாறிகளை 40 அடுக்கிலும் சேமித்தால் மேலும் சுமார் 340 ஜிபி. ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் 12 முதல் 24 மணி நேரத்தைத் தூக்கி எறிய வேண்டும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் மாடல் தன்போக்கில் விலகிப் போகும். சில நாளுக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்க வேண்டும், அல்லது பெரிய அளவுக் காற்றோட்டத்தை ஈரா5 பக்கம் மெல்ல இழுக்க வேண்டும். கடல் மேற்பரப்பு வெப்பநிலையை இடையில் புதுப்பிக்கும் தேர்வு இயல்பாக அணைந்திருக்கும். அதைப் போடாமல் மூன்று மாதம் ஓட்டினால், மே மாதக் கடல் பிப்ரவரியின் வெப்பத்திலேயே இருக்கும்.

புயலின் அலைக்கும் கடல் ஏற்றத்துக்கும் இதைவிட மலிவான, பெரும்பாலும் மேலான வழி உண்டு. புயல்பாதைத் தொகுப்பிலிருந்து மைய அழுத்தம், உச்சக் காற்று, ஆரம் ஆகியவற்றை எடுத்து ஹாலண்ட் சூத்திரத்தில் சுழல் காற்றைக் கட்டி, வெளியே ஈரா5 காற்றோடு கலப்பது. இதில் ஒரு பொறி: இந்திய வானிலைத் துறை 3 நிமிடச் சராசரிக் காற்றைத் தருகிறது, அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் 1 நிமிடச் சராசரியை. அலை மாடலுக்கு 10 நிமிடச் சராசரி வேண்டும். கடல் மேல் 1 நிமிடத்திலிருந்து 10 நிமிடத்துக்கு மாற்ற உலக வானிலை அமைப்பு சொல்லும் பெருக்கி 0.93. இரண்டு மூலங்களையும் கலந்து பெருக்கியை மறந்தால், ஒரே புயலுக்கு இரண்டு வலு இருக்கும்.

காற்று தள்ளி நீர்மட்டம் ஏறுவது ஆழத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். அதனால் ஆழமற்ற பாக் நீரிணையில் புயல் ஏற்றம் பெரிது. வேதாரண்யம் பக்கம் வேலை செய்பவர்கள் ஏற்ற மாடல் இல்லாமல் அலை மாடலை மட்டும் ஓட்டினால், விடையின் பெரும்பகுதியை விட்டுவிட்டதாக அர்த்தம்.

## எதிர்காலத்துக்கு

இங்கே முதல் கேள்வி கட்டுமானத்தின் ஆயுள். ஐபிசிசி என்ற காலநிலை மாற்றப் பன்னாட்டுக் குழுவின் ஆறாம் அறிக்கைப்படி, 1995–2014 சராசரியோடு ஒப்பிட்டால், 2050-ல் உலகக் கடல்மட்ட உயர்வு பசுங்குடில் வாயுக்களின் மிகக் குறைந்த உமிழ்வுப் பாதையில் 0.15–0.23 மீட்டர், மிக அதிக உமிழ்வில் 0.20–0.29 மீட்டர். வேறுபாடு சிறிது. 2100-ல் நடுத்தரப் பாதை 0.44–0.76, மிக அதிகப் பாதை 0.63–1.01. முப்பது ஆண்டு ஆயுளுள்ள இறங்குதளத்துக்குப் பாதைகளைப் பற்றி வாதிட்டு நேரம் போக்க வேண்டாம். நூறு ஆண்டு நிற்க வேண்டிய சுவருக்கு அதுவே முதன்மை.

சிமிப்6 (உலகக் காலநிலை மாடல்களின் கூட்டுத் தொகுப்பு) காற்றை நேரடியாக எடுப்பது. பெரும்பாலான மாடல்களின் கட்டம் 100 கி.மீ. அளவில். புயல் அதில் சரியாக உருவாகாது. பாக் நீரிணை சில மாடல்களில் நிலமாகவே இருக்கும். சிலவற்றில் ஆண்டுக்கு 360 நாள். தேதிகளை ஈரா5 உடன் பொருத்தும்போது குழப்பும். இந்தக் காற்றை நேராக உள்ளூர் அலை மாடலில் ஊற்றாதீர்கள். பெருங்கடல் முழுமைக்குமான அலை மாடல் ஓட்டி நீள் அலையின் மாற்றத்தைப் பார்க்க மட்டும் பொருத்தமானது.

கோர்டெக்ஸ் தெற்காசியா (வட்டாரக் காலநிலை மாடல்களின் தொகுப்பு). புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் வழியாகக் கிடைப்பது; 0.44°, சில ஓட்டங்கள் 0.22°. மழைக்கும் வெப்பத்துக்கும் நல்லது. பரவலாகக் கிடைப்பவை முந்தைய தலைமுறை உலக மாடல்களிலிருந்து வந்தவை, ஆர்சிபி என்ற பழைய உமிழ்வுப் பாதைகளில். ஆர்சிபி8.5 கோர்டெக்ஸையும் புதிய பாதையான எஸ்எஸ்பி5-8.5 சிமிப்6-ஐயும் ஒரே அட்டவணையில் கலந்து சராசரி எடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

ஆயத்த எதிர்கால அலைத் தொகுப்புகள். கோவ்கிளிப் என்ற பன்னாட்டுக் கூட்டு முயற்சி, பல குழுக்களின் உலக அலைக் கணிப்புகளை ஒன்றாக வைக்கிறது. மாடல்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ள இதுவே சிறந்த இடம். உங்கள் கரையில் மாற்றத்தின் குறியிலேயே மாடல்கள் பிரிந்தால், உள்ளூர் ஓட்டத்துக்குப் பல மாதம் செலவழித்தாலும் அந்தப் பிரிவு தீராது.

மாற்றத்தை மட்டும் எடுத்துப் பழைய தரவில் சேர்ப்பது. பெரும்பாலான கட்டுமான வேலைக்கு இதையே தேர்வு செய்வேன். ஒவ்வொரு உலக மாடலிலும் 1985–2014, 2041–2070 ஆகிய இரு முப்பதாண்டுகளை எடுங்கள் (சிமிப்6-இன் வரலாற்று ஓட்டம் 2014-ல் முடிகிறது). மாதவாரியாக, நூற்றுமானங்கள் (வரிசைப்படுத்திய தரவை நூறு சம பங்காகப் பிரிக்கும் எல்லைகள்) தோறும் மாற்றத்தைக் கணக்கிடுங்கள். அதை உங்கள் சரிபார்க்கப்பட்ட கடந்தகாலத் தொடரில் சேர்த்து, ஏற்கெனவே கட்டிவைத்த உள்ளூர் மாடலில் ஓட்டுங்கள். குறைந்தது ஐந்து மாடல்கள். விடையை ஒற்றை எண்ணாகத் தராமல் வீச்சாகத் தாருங்கள். காற்றின் வேகத்தையும் திசையையும் தனித்தனியாகத் திருத்தாமல் கிழக்கு, வடக்குக் கூறுகளின் மாற்றத்தையும் பாருங்கள்; அலை உயரத்தையும் காலத்தையும் தனித்தனியாகத் திருத்தினால், இயற்கையில் இருக்க முடியாத செங்குத்தான அலைகள் உருவாகும். அலைநீளத்தோடு உயரத்தின் விகிதம் ஏழில் ஒன்றைத் தாண்டுகிறதா என்று திருத்தத்துக்குப் பிறகு சோதியுங்கள்.

இம்முறையின் எல்லை: பழைய தொடரில் இல்லாத புயலை இது உருவாக்காது. உச்ச நிலைகளுக்கு, பல ஆயிரம் ஆண்டுகளுக்கான செயற்கைப் புயல்பாதைகளைத் தரும் ஸ்டார்ம் போன்ற தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அந்தத் தொகுப்பு 10,000 ஆண்டுக்கான பாதைகளைக் கொண்டது. ஒரு கரைப்பகுதியை நெருங்குபவற்றை மட்டும் வடிகட்டினாலும், நாற்பது ஆண்டு அனுபவம் காட்டாத கோணங்களில் கரையேறும் புயல்கள் அதில் கிடைக்கும்.

## யாருக்கு எது

ஆய்வேட்டுக்கு ஆறு மாதமும் ஒரு மடிக்கணினியும் இருந்தால்: வேவ்ரிஸ், ஒரு மிதவையோடு ஒப்பீடு, எதிர்காலத்துக்குக் கோவ்கிளிப். இதை நேர்மையாகச் செய்தாலே நல்ல வேலை.

சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே தூண்டில் வளைவு அல்லது முகத்துவாரம்: ஈரா5 எல்லையில் பிரித்த அலைகள், ஸ்வான், புதிதாக அளந்த ஆழம். பணம் குறைவென்றால் மாடலில் குறையுங்கள், ஆழ அளவீட்டில் வேண்டாம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் பின்னால்: அதே வழி, ஆனால் தீவுகளும் பவளப்பாறைத் திட்டும் தெரியும் அளவுக்கு முக்கோணக் கட்டம்.

பாக் நீரிணை: ஆயத்த அலைத் தரவு எதையும் வடிவமைப்புக்கு எடுக்காதீர்கள். காலத்தோடு ஓடும் அலை மாடல், அதோடு பிணைத்த ஏற்ற மாடல். காற்றுக்கு முதலில் ஈரா5-ஐப் பாம்பன், தொண்டி போன்ற கரை நிலையங்களின் அளவீட்டோடு ஒப்பிடுங்கள்; அது தவறினால் மட்டுமே டபிள்யூஆர்எஃப்.

எந்த வழியானாலும் ஒப்பீட்டில் ஒட்டுறவுக் கெழுவை மட்டும் காட்டி நிறுத்த வேண்டாம். பருவ மாற்றமே அந்த எண்ணை உயர்த்திவிடும். சார்பிழை, சராசரி வர்க்கமூலப் பிழை, அதோடு நூற்றுமானத்துக்கு நூற்றுமானம் வரைந்த படம் மூன்றும் வேண்டும். மேல் ஒரு விழுக்காட்டில் மாடல் எவ்வளவு குறைகிறது என்று அந்தப் படம்தான் காட்டும். மிதவைத் தொடரில் உள்ள இடைவெளிகளின் தேதியையும் பாருங்கள். பெரிய புயல் நாள்களில் மிதவை பழுதாகியிருப்பது வழக்கம். அந்த நாள்களை விட்டுவிட்டுச் செய்த ஒப்பீடு அமைதியான கடலுக்கு மட்டுமே பொருந்தும். அத்தகைய நாள்களுக்குச் செயற்கைக்கோள் உயரமானித் தடங்கள் கடந்துபோயிருக்கிறதா என்று தேடுங்கள். கரையிலிருந்து முதல் 10, 20 கி.மீ.க்குள் நிலத்தின் எதிரொலி கலப்பதால் அதற்கு வெளியே உள்ள புள்ளிகளை மட்டும் எடுங்கள்.